ஒன்பதாம் எண் சட்டை யாருக்கு? நாட்டு அணியின் ஹாஃப்பேக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

பந்தைப் பார்க்காதீர்கள். நாட்டு ரக்பி அணிக்கு ஹாஃப்பேக் தேடுகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தொலைக்காட்சியில் கேமரா பந்தோடு ஓடும், நம் கண்ணும் அதன் கூடவே ஓடும். பந்து கைமாறிப் போன பிறகு அந்த ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் என்ன செய்கிறான் என்பது படத்தின் ஓரத்தில் இருக்கும், பல நேரம் படத்திலேயே இருக்காது. அவன் தேறுவானா மாட்டானா என்பது அங்கேதான் தெரியும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டினவர். பள்ளி விடுமுறையில், பால் விழுகிற மங்கு துடைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். விடியாத இருட்டு, நெற்றியில் விளக்கு. உளி பட்டையில் இறங்கி, சுருள் கீழே விழுந்து, கோட்டில் பால் ஊறி வருவதற்குள் அம்மாவின் முகம் அடுத்த மரத்துக்குத் திரும்பிவிடும். கை இந்த மரத்தில், கண் அடுத்த மரத்தில், கால் அதற்குள் கிளம்பியிருக்கும். நூற்றுக்கணக்கான மரம் உள்ள நிரை. மரத்துக்கு மரம் நின்றால் வெயில் ஏறிவிடும், பால் ஓட்டம் குறைந்துவிடும். “வெட்டுறது எல்லாருக்கும் வந்துரும்டா. நடக்கிறதுதான் வேலை” என்பார்.

பிறகு நான் பள்ளிக்கும் வட்டாரத்துக்கும் ஒன்பதாம் எண்ணில் ஆடினேன். முப்பத்தொரு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். இப்போது ஓய்வு. சனிக்கிழமை காலை பட்டணத்துத் திடலில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அம்மா வெட்டிய மரமெல்லாம் போய் இன்று அந்த நிலம் முழுக்கச் செம்பனை. லயத்தில் இருந்த குடும்பங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டன. ஒன்பதாம் எண்ணைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் நான் பார்ப்பது இன்னமும் அந்த நடையைத்தான்.

ஆட்டம் புதிதானவர்களுக்கு இரண்டு வரி. பதினைந்து பேரில் ஒன்று முதல் எட்டு வரை முட்டி மோதிப் பந்தை மீட்கிற ஃபார்வர்டுகள். பத்து முதல் பதினைந்து வரை அதைக் கொண்டு ஓடுகிறவர்கள். இரண்டு கூட்டத்தையும் இணைக்கிற ஒரே ஆள் ஒன்பது. நியூசிலாந்தில் ஹாஃப்பேக் என்பார்கள், பிரிட்டனில் ஸ்க்ரம்-ஹாஃப். பந்து வைத்திருப்பவனை எதிரணி பிடித்து வீழ்த்தியதும் (அதுதான் டேக்கிள்) இரு பக்கத்து ஆட்களும் அவனுக்கு மேலே நின்று தள்ளுகிற குவியலுக்கு ரக் என்று பெயர். நாட்டுக்கு நாடு மோதுகிற டெஸ்ட் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எண்பது ரக்குக்கு மேல் வருவது சாதாரணம். அத்தனைக்கும் ஒன்பது போய்ச் சேர வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

எண்பது நிமிட ஆட்டம் முழுவதையும் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய ஐந்து நிமிடப் படத்தை வைத்து யாரையும் எடுக்கக் கூடாது. கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து எடுத்த படம் கிடைத்தால் அதுவே சிறந்தது. எங்கள் திடலில் யாராவது ஒரு பெற்றோரை லோரியின் மேல் ஏறி நின்று கைபேசியில் பிடிக்கச் சொல்வேன். முப்பது பேரும் படத்தில் இருப்பார்கள்.

நோட்டில் மூன்று கட்டம் கிழிக்கிறேன்: வந்தான், பார்த்தான், சொன்னான். ஒவ்வொரு ரக்குக்கும் மூன்றிலும் சரி அல்லது தவறு, அவ்வளவுதான். பந்து எடுக்கத் தயாரான நொடியில் அவன் அங்கே இருந்தால் முதல் கட்டத்தில் சரி. இரண்டு மீட்டர் தள்ளி ஓடி வந்துகொண்டிருந்தால் தவறு, பிறகு எவ்வளவு அழகாகப் பந்து கொடுத்தாலும் தவறுதான். ஓடி வரும்போது தலையைத் தூக்கி எதிரணியின் தடுப்பு வரிசையைப் பார்த்தால் இரண்டாவதில் சரி. பந்தைத் தொடுவதற்கு முன் வாயாலோ கையாலோ தன் ஆள் ஒருவனை நிறுத்தினால், நகர்த்தினால், மூன்றாவதில் சரி.

மூன்றும் அவன் பந்தைத் தொடுவதற்கு முன் நடக்கிறவை. ரக்கிலிருந்து பந்து மூன்று நொடிக்குள் வெளியே வந்தால்தான் வேகமான பந்து என்று பயிற்சியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குப் பிறகு எதிரணி வரிசை கட்டிவிடும். அந்த மூன்று நொடியை ஃபார்வர்டுகள் உயிரைக் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். ஒன்பது தாமதமாக வந்தால் அவர்கள் உழைப்பு அத்தனையும் மண்ணில் போய்விடும்.

ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பார்க்கிறேன். முதல் முறை சத்தம் இல்லாமல். வர்ணனையாளர் ஒருவனைப் புகழ்ந்தால் நம் பேனா தானாகவே சரி போட்டுவிடும். இரண்டாம் முறை சத்தத்தோடு, நடுவரின் ஒலிவாங்கியில் ஒன்பதின் குரல் விழுகிறதா என்று கேட்க.

இன்னொன்று, அவன் அணி தோற்ற ஆட்டத்தைத் தேடி எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வட்டார இளைஞர் அணித் தேர்வுக்கு மூன்று பேரில் ஒருவனாக உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு இரண்டு பையன்கள். ஒருவனுடைய பாஸ் கயிறு பிடித்து இழுத்த மாதிரி நேராகப் பதினைந்து மீட்டர் போகும். மற்றவனுடையது பத்து மீட்டர்தான், ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். முதல் பையனுக்குக் கை தூக்கினேன். மூன்றாவது ஆட்டத்தில் மழை. எங்கள் ஃபார்வர்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பந்து ரக்கிலிருந்து சுத்தமாக வரவே இல்லை, முழங்காலில் பட்டும் பக்கவாட்டில் சிதறியும் வந்தது. எங்கள் ஒன்பது நல்ல பந்துக்காகக் காத்து நின்றான். கோட்டுக்கு வெளியே இருந்த மற்றவன், “இடது பக்கம் ரெண்டு பேர், உள்ள வா, உள்ள வா” என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தான். அவன் சொன்ன ஒவ்வொரு இடத்திலும்தான் எதிரணி புகுந்தது. என் காதில் விழுந்தது. அப்போதும் நான் அவனை இறக்கச் சொல்லவில்லை. தோற்றோம். அடுத்த வருஷம் அவன் பயிற்சிக்கே வரவில்லை. அவன் அப்பாவைச் சந்தையில் பார்த்தபோது, “படிக்கட்டும்னு விட்டுட்டோம் சார்” என்று மட்டும் சொன்னார். அன்று நான் செய்தது பெரிய பிழை. இன்றும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஜெயிக்கிற அணியில் ஃபார்வர்டுகள் முன்னே போகிறார்கள், பந்து தட்டில் வைத்த மாதிரி வருகிறது, எந்த ஒன்பதும் நன்றாகத் தெரிவான். தன் ஆட்கள் மிதிபடும்போது அவன் யாராக இருக்கிறான் என்று பாருங்கள்.

பாஸ்

நோட்டில் தேறியவர்களை மட்டும் திடலுக்கு அழைக்கிறேன். இங்கேதான் கண்ணைப் பந்துக்கு அருகில் கொண்டு போக வேண்டும்.

பந்து புல்லில் கிடக்கிறது. இடது பக்கம் கொடுக்க வேண்டும் என்றால் வலது கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். இடது கால் வாங்குகிறவனை நோக்கி நீள வேண்டும். இடுப்பு தாழ்ந்து, பந்து கிடக்கிற இடத்திலிருந்தே அதை அள்ளி ஒரே வீச்சில் விட வேண்டும். பலர் என்ன செய்வார்கள் என்றால், பந்தைத் தூக்கி, இடுப்புக்குப் பின்னால் இழுத்து, பிறகு விடுவார்கள். அந்த இழுப்புக்கு அரை நொடி. பாய்ந்து வருகிற தடுப்பாளன் அரை நொடியில் மூன்று மீட்டர் வந்துவிடுவான். வாங்குகிற பத்தாம் எண்ணுக்குப் பந்தும் அடியும் சேர்ந்து கிடைக்கும்.

போன வருஷம் வந்த ஒரு லோரி ஓட்டுநரின் மகன் இந்த இழுப்பு தன்னிடம் இருக்கிறது என்று நம்பவே இல்லை. கைபேசியில் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினேன். வலது பக்கம் கொடுக்கும்போது மட்டும் அவன் கால் ஒரு சாண் பின்னால் போய், பந்து இடுப்புவரை ஏறி இறங்கியது. மூன்று தடவை ஓட்டச் சொன்னான்.

“சார், இந்தப் பக்கம் மட்டும் ஏன் இழுக்கிறேன்?”

“இடது கையை நீ நம்பலை, தம்பி. அதான் உடம்பு வேகம் சேர்க்கப் பார்க்குது.”

இரண்டு மாதம் இடது கை ஒன்றால் மட்டும் பந்தைச் சுழற்றி விடப் பழகினான். சாப்பிடுவதுகூட இடது கையால் பழகவா என்று கேட்டான், அது வேண்டாம் என்றேன். விரல் நுனி பந்தின் அடியில் போகும் இடத்தில் புல்லும் மண்ணும் ஒட்டி நகம் கறுத்திருக்கும். பிறகு எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் ஒரே உயரம், முழங்காலுக்கு மேல் பந்து ஏறவே இல்லை.

ஆகவே இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோதியுங்கள். கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையில் பழைய லோரி டயரை நெஞ்சு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பன்னிரண்டு மீட்டரிலிருந்து இடது பக்கம் இருபது, வலது பக்கம் இருபது. டயருக்குள் எத்தனை போகிறது என்று ஒருவர் எண்ணுவார், பந்தில் கை பட்டதிலிருந்து கை விடும்வரை எவ்வளவு நேரம் என்று இன்னொருவர் படத்தில் பார்ப்பார். ஒரு பக்கம் பதினெட்டு, மறு பக்கம் ஒன்பது என்றால் அவன் பாதித் திடலுக்குத்தான் ஹாஃப்பேக். எதிரணி அதை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

இந்த வேலையில் என் கண் கண்டவர்களில் உயர்ந்தவர் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித். 2012 முதல் 2023 வரை 125 டெஸ்ட் ஆடினார். இழுப்பே கிடையாது, பந்து தட்டையாக, வாங்குகிறவனின் ஓட்டத்துக்கு முன்னால் போய் விழும். ரக்பிக்கு வரும் முன் முடி திருத்தும் தொழில் பழகியவர். அந்த விரல் பதத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உலர்ந்த பந்தில் தேறியதும் நனைந்த பந்து. பந்தின் எடை 410 முதல் 460 கிராம் என்பது விதி, ஆனால் ஈரம் பட்டால் கையில் அது வேறு பந்து. எங்கள் பேராக் மாநிலத்தில் பிற்பகல் மழைக்குச் சொல்லவே வேண்டாம், மழை இல்லாத நாளிலும் வியர்வை போதும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஆறு பந்தை முக்கி வைக்கிறேன். எட்டு மீட்டர் இடைவெளியில் வளைந்து வளைந்து போகிற மாதிரி தரையில் வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு ஓடிக் கொடுக்கச் சொல்வேன். பாஸ் கெடுவது பெரிய குற்றமில்லை. வழுக்கிய பந்தைப் பார்த்து ஒரு நொடி நிற்கிறானா, அடுத்த பந்துக்கு ஓடுகிறானா என்பதுதான் கேள்வி.

இரு அணி ஃபார்வர்டுகளும் குனிந்து பிணைந்து முட்டுவது ஸ்க்ரம். அதில் பந்து போடுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2017இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஹாஃப்பேக் தன் தோளை ஸ்க்ரமின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்துத் தன் அணிப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று போடலாம். பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கிற ஹுக்கரோடு நேரம் ஒத்துப்போனால் போதும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

யாருக்காக ஒன்பது?

எங்கள் பட்டணத்து ஒட்டுக்கடையில் ரக்பி பார்க்கிற நாலைந்து பேர் உண்டு. ஆரன் ஸ்மித் ஓய்வு பெற்ற பிறகு நியூசிலாந்துக்கு யார் என்று அங்கே பெரிய பேச்சு. கடைக்காரர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, இருக்கிறதுலேயே நல்ல ஒம்பது யாரு? ஒரே பேர் சொல்லுங்க.”

“பத்துல யாரு நிக்கிறான்னு சொல்லுங்க, நான் ஒம்பது யாருன்னு சொல்றேன்” என்றேன்.

தப்பித்துக்கொள்ளச் சொன்னதில்லை. ஒன்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தடுப்பு வரிசைக்கு மிக அருகில் நின்று பந்து வாங்கும் பத்தாம் எண் என்றால், அவருக்கு ஆரன் ஸ்மித் மாதிரி வேகமான பாஸ் வேண்டும். ஆழமாக நின்று உதைக்கிற பத்து என்றால், எதிரணியின் முதல் இரண்டு தடுப்பாளர்களைத் தானே ஓடி இழுத்துப் பிடிக்கிற ஒன்பது வேண்டும். 2023இல் டுவிக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்காவிடம் நியூசிலாந்து 35-7 என்று நசுங்கியது. அன்று நியூசிலாந்தின் ஒரே டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), மாற்று ஆளாக வந்த கேம் ரோய்கார்ட் தனியாக ஓடிப் போட்டது. தோற்ற ஆட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அவர் இடது காலால் உதைக்கிறவர். வலது கால் உதைகளுக்கே பழகிய எதிரணிக்கு அந்தக் கோணம் புதிது.

தென்னாப்பிரிக்காவின் கணக்கு வேறு. அவர்களுடைய ஃபார்வர்டுகள் மலை மாதிரி. அவர்களுக்கு வேண்டியது எதிரணியைப் பின்னால் திருப்பி ஓடவைக்கிற உதை. ஃபாஃப் டி கிளெர்க் அதைத்தான் செய்தார். ரக்கின் அடியிலிருந்து பந்தை எடுத்து நேர் மேலே உயர்த்தி உதைப்பார், அது இறங்கும் இடத்தில் அவர் ஆட்களும் வந்து நிற்பார்கள். 2019 உலகக் கிண்ண இறுதியிலும் 2023 இறுதியிலும் ஒன்பதில் இறங்கியவர் அவர்தான், இரண்டிலும் கிண்ணம் அவர்களுக்கு.

நம்மைப் போன்ற சின்ன உடம்புக்காரர்கள் பார்க்க வேண்டியது ஜப்பானை. 2015 செப்டம்பர் 19, பிரைட்டன். அதே தென்னாப்பிரிக்காவை ஜப்பான் 34-32 என்று வீழ்த்தியது. ஒன்பதில் தொடங்கியவர் ஃபுமியாக்கி தனாக்கா, உயரம் 166 சென்டிமீட்டர். எடையில் மோதினால் தோற்போம் என்று தெரிந்து, தாழ்வாக, வேகமாக, எதிரணி மூச்சு வாங்கும் முன் அடுத்த ரக் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி உதைத்துச் சமன் செய்திருக்கலாம். தலைவர் மைக்கல் லீச் ஸ்க்ரம் கேட்டார், டிரை போட்டார்கள். தனாக்கா அதற்கு இரண்டு வருஷம் முன்பே நியூசிலாந்தின் ஹைலேண்டர்ஸ் அணிக்குப் போய், ஆரன் ஸ்மித் இருந்த அதே அணியில் ஆடியவர். அந்த அணி ஆடும் சூப்பர் ரக்பி தொடரில் ஆடிய முதல் ஜப்பானியர் அவர்.

மலேசியாவும் ஹாங்காங், கொரியா அணிகளின் ஃபார்வர்டுகளோடு எடையில் மல்லுக்கு நின்று நிறைய ஜெயிக்க முடியாது. எனக்குக் கேட்டால், நமக்கு வேண்டியது உதைக்கிற ஒன்பது இல்லை, நடக்கிற ஒன்பது.

அதற்காக உதையைச் சோதிக்காமல் விடக் கூடாது. பந்து ரக்கின் கடைசி ஆளின் காலடியில் தெளிவாகக் கிடைக்கும்போது நடுவர் எடுக்கச் சொன்னால் ஐந்து நொடிதான். அதற்குள் உதைத்தாக வேண்டும். பந்து குறைந்தது நான்கு நொடி காற்றில் இருக்க வேண்டும், இருபது இருபத்தைந்து மீட்டரில் இறங்க வேண்டும். முப்பது மீட்டருக்கு மேல் போனால் துரத்துகிறவன் போய்ச் சேர மாட்டான், எதிரணிக்குப் பந்தைப் பரிசாகக் கொடுத்ததாகிவிடும். இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்து உதையுங்கள் என்று சொல்லி, எதிரே கையை நீட்டிக்கொண்டு ஓடிவர உயரமான ஒருவனை வையுங்கள். ஆள் வராத உதை எதையும் காட்டாது.

உயரம்

பதினேழு வயதில் ஒரு தேர்வுக்குப் போனேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். வரிசையில் நிற்க வைத்து, சுவரில் கிழித்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, “தோட்டத்துப் பையன், எலும்பும் தோலுமா இருக்கான்” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். பந்தைத் தொடவே விடவில்லை. காலை நாலரை மணிக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்ட இடம் அது. திரும்பும் வழியில் அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், அளவு நாடாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆரன் ஸ்மித் 171 சென்டிமீட்டர். தென்னாப்பிரிக்காவின் யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன் ஆறடிக்கு மேல். 1995 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் ஜோனா லோமு என்ற மலையை நேருக்கு நேர் நின்று வீழ்த்தியவர் அவர். ஜோல் ஸ்டிரான்ஸ்கி பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோல் போட்டு 15-12 என்று ஜெயித்தாரே, அந்தப் பந்தைக் கொடுத்ததும் அவர்தான். நெட்டையனும் ஆடியிருக்கிறான், குட்டையனும் ஆடியிருக்கிறான்.

தடுப்பை மட்டும் சோதியுங்கள். ஒன்பது பெரும்பாலும் தடுப்பு வரிசைக்குப் பின்னால் துடைப்பம் மாதிரி அலைகிறவன். வரிசையைத் தாண்டி ஒருவன் புகுந்துவிட்டால் பிடிக்க வேண்டிய கடைசிக்கு முந்தின கை அவனுடையது. 1994இல் சிட்னியில் நியூசிலாந்தின் ஜெஃப் வில்சன் டிரை போடப் பாய்ந்த நொடியில் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கிரீகன் பின்னாலிருந்து பறந்து வந்து பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் 20-16 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. கிரீகன் அப்போது அணிக்குப் புதியவர், மொத்தம் 139 டெஸ்ட் ஆடினார். அந்த டேக்கிளில் பலத்தைவிடப் பெரியது, அவர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் கால்தான்.

அறுபதாம் நிமிடம்

சோதனை எல்லாவற்றையும் களைத்த உடம்பில் இன்னொரு முறை செய்யுங்கள். டயர், சோப்பு வாளி, உதை எல்லாம். காலையில் பதினெட்டு போட்டவன் நாற்பது மீட்டர் ஓட்டம் பத்து முடித்த பிறகு எத்தனை போடுகிறான்? வாய் ஓய்ந்துவிட்டதா? முதலில் நிற்பது கால் இல்லை, வாய்தான். பேச்சு நின்ற ஐந்து நிமிடத்தில் காலும் நிற்கும்.

இதிலிருந்து மாற்று ஆள் பிரச்சினை வருகிறது. டெஸ்ட் ஆட்டத்தில் எட்டு மாற்று ஆட்கள். வழக்கமாக அதில் ஒருவர் ஹாஃப்பேக். 2023 இறுதியில் தென்னாப்பிரிக்கா ஏழு ஃபார்வர்டுகளையும் பந்து கொண்டு ஓடுகிற ஒரே ஒருவரையும் மாற்றாக வைத்துக்கொண்டு, ஹாஃப்பேக்குக்குத் தனி மாற்று இல்லாமலே இறங்கியது. எங்களுக்கு அப்போது விடியற்காலை மூன்று மணி. டி கிளெர்க் ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. 12-11 என்று தப்பித்தார்கள். 2025 மார்ச்சில் டப்லினில் பிரான்சும் அதே ஏழுக்கு ஒன்று, ஆனால் அந்த ஒருவர் ஹாஃப்பேக் மாக்சிம் லூக்கு. உலகின் சிறந்த ஒன்பது என்று பலரும் சொல்கிற அந்துவான் துப்பான் முதல் பாதியிலேயே முழங்கால் தசைநார் அறுந்து வெளியே போனார். லூக்கு இறங்கினார். பிறகு நடுக்கள ஆள் ஒருவரும் போக, ஃபார்வர்டு ஒருவரை அங்கே ஆடவிட்டுச் சமாளித்தார்கள். அயர்லாந்தை 42-27 என்று வென்றார்கள். நடுக்களத்தை எப்படியாவது ஒட்டுப்போடலாம், ஒன்பதை ஒட்டுப்போட முடியாது. மாற்று ஆட்களில் ஹாஃப்பேக் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், அவர் முதல் ஆளைப் போலவே ஆடுகிறவராக இருக்க வேண்டாம். வேகமாக ஓட்டுகிறவருக்குப் பின்னால் நிதானமாக உதைக்கிறவர் வந்தால், களைத்த எதிரணி மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

நம் ஊர்த் தேர்வில் கவனிக்க வேண்டியது

இங்கே பையன்கள் அதிகம் ஆடுவது ஏழு பேர், பத்துப் பேர் ஆட்டம். பத்துப் பேர் ஆட்டமே நம் நாட்டில் கோப்ரா கிளப் தொடங்கி வைத்ததுதான். காமன்வெல்த் போட்டியில் ஏழு பேர் ரக்பி முதன்முதலாக நடந்ததும் 1998இல் நம் மண்ணில், பெட்டாலிங் ஜெயாவில். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் ஏழு பேர் ஆட்டத்தில் இடம் நிறைய, ரக் குறைவு. அங்கே மின்னுகிற ஓட்டக்காரன் பதினைந்து பேர் ஆட்டத்தில் எண்பது ரக்குக்கு நடப்பான் என்று உத்தரவாதம் இல்லை. துப்பான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏழு பேர் அணியோடு தங்கம் வாங்கினார், உண்மைதான். அவர் முதலில் பதினைந்து பேர் ஆட்டத்தின் ஒன்பது, பிறகுதான் அங்கே போனார். பதினைந்து பேர் ஆட்டத்தில் பார்க்காமல் யாருக்கும் சட்டை கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் காகிதத்தை முதலில் பாருங்கள். தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது விதிப்படியான காலம் நம் நாட்டுச் சங்கத்தில் மட்டும் தொடர்ந்து பதிவாகியிருக்க வேண்டும். முன்பு 36 மாதம் வசித்தால் போதும், 2022இலிருந்து 60 மாதம்.

கடைசி நாள்

இரண்டு பேர் மிஞ்சுவார்கள், எப்போதும் அப்படித்தான். அவர்களை எதிரெதிர் அணியில் நிறுத்தி, நாம் எடுக்கப்போகிற பத்தாம் எண்ணை முதல் பாதி ஒருவனோடும் மறு பாதி மற்றவனோடும் ஆடவிடுங்கள். ஃபார்வர்டுகளையும் அதேபோல மாற்றுங்கள், இருவருக்கும் பாதி நேரம் பலவீனமான எட்டுப் பேர் கிடைக்கும்படி. நோட்டை எடுத்து மூன்று கட்டத்தையும் மறுபடி நிரப்புங்கள்.

பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள். ஃபார்வர்டுகளிடம் கேளுங்கள். பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், குனிந்து முட்டுகிறவனை யாரும் கேட்பதில்லை. ஸ்க்ரமிலும் ரக்கிலும் தலை மண்ணைப் பார்த்திருக்க, ஒன்பதைக் கண்ணால் காணாமல் காதால் மட்டும் அறிகிறவன் அவன்தான்.

போன மாதம் எங்கள் பிள்ளைகள் தேர்வில் அப்படித்தான் கேட்டேன். முதல் வரிசையில் முட்டுகிற மலாய்ப் பையன், தொண்ணூறு கிலோ, காது சிவந்து வீங்கிப்போய்ப் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரில் யார் என்று கேட்கவில்லை. யாருடைய சத்தம் கேட்டது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. லோரி ஓட்டுநர் மகனைக் கையால் காட்டி, அவன் எங்கே நிற்கிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே தனக்குத் தெரியும் என்று மலாயில் சொன்னான். நோட்டைத் திறந்து பெயரை எழுதினேன்.